சங்கக்கடைக் கத்தி

கமலாசனிக்குத் தன் வீட்டில் பிடிக்காத இடம் என்று ஒன்றிருந்தால் அது தையல் மெசின் மேசையின் வலப்பக்க லாச்சிதான். அவளுடைய நூல்கட்டைகளும் பொத்தான்களும் இருக்க வேண்டிய லாச்சி. அதற்குள் புருசன் வீரகத்தி வில்லுக்கத்திகளை அடுக்கி வைத்திருந்தார். எல்லாம் மடக்குகிற கத்திகள். அநேகமானவை அவரைவிட வயது கூடியவை. பழைய வேட்டித் துண்டுகளில் தனித்தனியாகச் சுற்றிக் கிடந்தன. லாச்சியை இழுத்தால் தேங்காயெண்ணெயும் இரும்பும் கலந்த ஒரு மணம் அறைக்குள் ஏறும்.

உருத்திரபுரம் எட்டாம் வாய்க்காலில் வயல் செய்கிற ஒரு மனிதருக்குப் பழைய கத்தியில் ஏன் இப்படி ஓர் ஆசை என்று ஊரில் யாருக்கும் விளங்கவில்லை. கேட்டால் அவருக்கும் சொல்லத் தெரியாது. சண்டைக்குப் பிறகு மீள்குடியேறி வந்து காணியைத் துப்புரவாக்கிய நாட்களில் மண்வெட்டியில் ஒரு கத்தி தட்டுப்பட்டது. கறல் பிடித்து, மூடியபடியே இறுகிப்போயிருந்தது. எறியத்தான் கையை ஓங்கினார். பிறகு என்ன நினைத்தாரோ, மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, சாம்பலால் தேய்த்து, ஒரு பின்னேரம் முழுக்க மினைக்கெட்டு அதைத் திறந்தார். மடித்தபோது 'டக்' என்று ஒரு சத்தம் வந்தது. அதை அவர் திரும்பத் திரும்பத் திறந்து மடித்துக் கேட்டுக்கொண்டிருந்தார். வீடு தகரக் கொட்டிலாக இருந்த காலம் அது. சமைக்க ஒழுங்கான ஒரு சட்டி இல்லை. கத்தியோடு இருக்கிறார் என்று கமலாசனி அன்றைக்குத் தொடங்கிய முணுமுணுப்பு இன்னும் முடியவில்லை.

அதற்குப் பிறகு கத்திகள் அவரைத் தேடி வந்தன. பூநகரியில் ஒரு கடற்றொழிலாளியிடம் ஒரு மூட்டை நெல் கொடுத்து மாற்றிய கத்தியில், அலகுக்குப் பக்கத்தில் கயிற்று முடிச்சு அவிழ்க்கிற தடித்த ஊசியும் மடிந்து கிடந்தது. சிப்பிப் பிடி போட்ட, பழம் வெட்டுகிற சின்னக் கத்தி ஒன்று இரணைமடுக் குளத்தில் முந்தி வேலை செய்த யாரோ ஒரு இஞ்சினியருடையது என்று சொல்லிக் கொடுத்தார்கள். அலகில் மரத்தின் படம் பொறித்த ஜெர்மன் கத்தி, மான்கொம்புப் பிடிக் கத்தி, அலகில் இங்கிலாந்து ஊர்ப்பெயர் வெட்டிய கத்திகள். அலகின் அடியில் தேய்ந்துபோன எழுத்துகளைப் பூதக்கண்ணாடி வைத்து எழுத்தெழுத்தாக வாசிப்பார். வில்லு களைத்துவிட்டதா, பிடியில் அடித்த ஆணி பழசா புதுசா, கொம்பு எருமையினுடையதா மாட்டினுடையதா என்று சொல்வார். வீட்டுக்கு யார் வந்தாலும் லாச்சி திறபடும். வந்தவர்களை முதலில் தேத்தண்ணியைக் குடிக்க விடுங்கோ என்று கமலாசனி குசினிக்குள் இருந்து சொல்லுவாள்.

மாசி மாதம், காலபோக நெல் வெட்டு முடிந்து, றோட்டோரம் முழுக்கப் படங்கு விரித்து நெல் காய்ந்துகொண்டிருந்த நேரம் மூக்கன் வந்தான். புதுக்குடியிருப்பில் பழைய இரும்புக் கொட்டில் வைத்திருக்கிறவன். பட்டா என்கிற சின்ன லொறியில் முல்லைத்தீவிலிருந்து வவுனியா வரை ஓடி, உடைந்தது கறல் பிடித்தது எல்லாவற்றையும் அள்ளுகிறவன். கத்தி ஏதும் அகப்பட்டால் வீரகத்தி அண்ணைக்கென்று ஒரு பக்கம் எடுத்து வைப்பான். பழுதான தண்ணீர் மோட்டர் ஒன்றை ஏற்றிக்கொண்டு, ஒரு கறல்கட்டியை மேசையில் வைத்துவிட்டுப் போனான். பார்த்தால் கத்தி என்றே தெரியாது.

வீரகத்தி வழக்கம்போல அதை மண்ணெண்ணெய்க்குள் போட்டார். ஊறியபின் எடுத்துத் தேய்க்கத் தேய்க்க, கறுத்த கொம்புப் பிடியும் இரண்டு முனையிலும் பித்தளைப் பூணும் வெளியே வந்தன. பிடியின் ஒரு பக்கத்தில் நெருப்புப் பட்டதுபோல ஒரு வெடிப்பு. தேத்தண்ணியோடு வந்த கமலாசனி கோப்பையைக் கொடுக்க மறந்து அப்படியே நின்றாள். பிறகு கோப்பையை நிலத்தில் வைத்துவிட்டு அவருக்கு முன்னால் குந்தினாள்.

"இது அஜந்தன்ர கத்தி," என்றாள்.

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"உங்கட கொப்பர் வச்சிருந்த கத்தி. நீங்கள் தம்பிக்குக் குடுத்தது. இந்த வெடிப்பு அவன் மெழுகு உருக்கேக்க அடுப்பில விழுத்தினதால வந்தது. எனக்குத் தெரியாதே?"

அஜந்தன் கமலாசனியின் ஒரே தம்பி. தாய் வேளைக்கே செத்துப்போனதால் அவள்தான் அவனைத் தூக்கி வளர்த்தவள். வளர்ந்து, தேசியும் மாவும் ஒட்டுக்கட்டிக் கன்று விற்கத் தொடங்கியபோது, ஒட்டு வெட்டக் கூரான கத்தி ஒன்று வேண்டும் என்று அத்தானிடம் கேட்டான். வீரகத்தி மடியிலிருந்த கத்தியை எடுத்துக் கொடுத்தார். அது அவருடைய தகப்பன் புங்குடுதீவிலிருந்து குடியேற்றத் திட்டத்துக்கு வந்த புதிதில் கூட்டுறவுச் சங்கக்கடையில் வாங்கியது. தகப்பனுக்குப் பிறகு வீரகத்தியும் அதைக் கனகாலம் பாக்கு வெட்டவும் கயிறு வெட்டவும் வைத்திருந்தார். அப்போது அவருக்குக் கத்திகளில் ஒரு ஆசையும் இல்லை. கத்தி என்றால் வெட்ட வேண்டும், அவ்வளவுதான்.

கடைசிச் சண்டையில் அஜந்தன் மனைவி சிவதர்சினியோடும் சின்னப்பிள்ளை பிரஷாந்தினியோடும் வட்டுவாகல் பாலம் தாண்டி அங்கால் போனான். அங்கே ஆமிக்காரர் ஆண்களில் சிலரைப் பிரித்து ஒரு பேருந்தில் ஏற்றினார்கள். அவன் ஏறியதைச் சிவதர்சினி தன் கண்ணால் கண்டாள். அதற்குப் பிறகு ஒரு செய்தியும் இல்லை. அவள் இன்றைக்கும் பொட்டு வைக்கிறாள். கிளிநொச்சி டவுனில் ஒரு வாடகை வீட்டில் தையல் வேலை செய்து மகளை வளர்த்தாள். காணாமல் போனவர்களின் ஆட்கள் கூடியிருக்கிற கொட்டிலுக்கு நேரம் கிடைக்கிற நாட்களில் அவனுடைய படத்தோடு போய் இருப்பாள்.

அந்தப் பிள்ளை பிரஷாந்தினிக்குத்தான் வைகாசியில் கலியாணம். மாப்பிள்ளை பரந்தன் பெடியன், மின்சார வேலை. சாதகம் பொருந்தி, நாளும் வைத்தாயிற்று. கார்ட் அடிப்பதில்தான் நின்றது. பெண்ணின் தகப்பன் பெயருக்கு முன்னால் 'திரு' என்று போடுவதா, 'அமரர்' என்று போடுவதா? மாப்பிள்ளை பகுதியார் எப்படியென்றாலும் பரவாயில்லை என்றுவிட்டார்கள். ஆனால் கமலாசனி விடவில்லை. தம்பிக்குச் செய்ய வேண்டியதைச் செய்யாமல், அவன் பசியோடு அலைகிறபோது பிள்ளைக்குத் தாலி ஏறக்கூடாது. கலியாணத்துக்கு முதல் கீரிமலைக் கடலில் அந்தியேட்டிக் கிரியை செய்ய வேண்டும். இதை அவள் தையிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தாள். சிவதர்சினி கேட்காததுபோல இருந்தாள். இந்த நிலைமையில்தான் கத்தி வந்தது. தம்பி தானாகவே வந்து சொல்லிவிட்டான் என்று கமலாசனி நினைத்தாள்.

அவள் அன்றே மச்சாள் சிவதர்சினிக்குப் போன் எடுத்தாள்.

சிவதர்சினி அடுத்த நாள் மத்தியானம் பஸ்ஸில் வந்திறங்கினாள். கமலாசனி இரணைமடுக் குளத்து ஜப்பான் மீன் வாங்கிக் குழம்பு வைத்திருந்தாள். சாப்பிட்ட பிறகு பார்ப்போம் என்று சொன்னாள். சிவதர்சினி முதலில் பார்க்கிறேன் என்றாள். வீரகத்தி கத்தியைக் கையில் கொடுக்காமல் மேசையில் வைத்தார். அவள் அதைத் தொடாமல் குனிந்து பார்த்தாள். பிறகு எடுத்தாள். திறந்தாள். நகத்தால் பிடியின் மற்றப் பக்கத்தைத் தடவிப் பார்த்தாள்.

"மச்சாள், இது அவரின்ர இல்லை."

"வடிவாப் பார் தர்சினி."

"பாத்திட்டன். அவரின்ரக்கு ரெண்டு அலகு. பெரிசு ஒண்டு, மெல்லிசா ஒண்டு. பஸ்ஸில ஏத்த முதல், கம்பிவேலிக்குள்ள வரிசையில நிக்கேக்க, பிள்ளையின்ர சட்டை முள்ளுக்கம்பியில மாட்டினது. அந்த மெல்லிசு அலகாலதான் வெட்டி எடுத்தவர். வெட்டிப்போட்டு மடிச்சு மடிக்குள்ள வச்சவர். கத்தி அவரோட போனது."

கமலாசனி அந்தக் கத்திக்கு என்றைக்கும் ஒரு அலகுதான் என்றாள். தான் எத்தனை தரம் அதை வாங்கி முருங்கைக்காய் வெட்டியிருக்கிறாள். சிவதர்சினி தான் அவனோடு குடும்பம் நடத்தியவள் என்றாள். கமலாசனி தான் அவனைப் பால் பருக்கி வளர்த்தவள் என்றாள். குரல்கள் ஏறின. வெடிப்பைக் காட்டினால், எல்லாக் கொம்பும் வெடிக்கும் என்று மற்றவள் சொன்னாள். கடைசியில் இருவரும் ஒரே நேரத்தில் வீரகத்தியின் பக்கம் திரும்பினார்கள். அவருடைய தகப்பனின் கத்தி. அவர் மடியில் வருசக்கணக்காய்க் கிடந்தது. அதோடு கத்தி பார்க்கத் தெரிந்த ஆளும் அவர்தான். ஒரு அலகா இரண்டா?

வீரகத்தி கத்தியை எடுத்துத் திறந்து, மடித்தார்.

லாச்சியில் கிடக்கிற ஒவ்வொரு கத்தியின் ஆணியையும் இருட்டில் தடவிச் சொல்லக்கூடியவருக்கு, தன் மடியில் கிடந்த கத்தியின் பிடி கறுப்பா மண்ணிறமா என்றுகூட நினைவில்லை. வெற்றிலை போட்ட பிறகு தகப்பன் அதை மடிக்கிற சத்தம் மட்டும் எங்கேயோ தூரத்தில் கேட்டது. அதுவும் அந்தக் கத்தியின் சத்தமா, பிறகு கேட்ட வேறு ஏதும் கத்தியின் சத்தமா?

முழுக்கத் துப்புரவாக்கினால்தான் சொல்லலாம் என்று அவர் மழுப்பினார். சிவதர்சினி சாப்பிடாமல் பையை எடுத்துக்கொண்டு படலையடிக்குப் போனாள்.

அந்த நேரம் கிழக்கே கறுத்தது. மாசியில் வரக்கூடாத மழை. பக்கத்து வயல்காரர்கள் கூப்பிடுகிற சத்தம் கேட்டது. வீரகத்தி படங்கின் ஒரு முனையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினார். கமலாசனி சுளகோடு வந்தாள். படலையில் நின்ற சிவதர்சினி ஒரு கணம் வானத்தைப் பார்த்தாள். பிறகு பையை வேலியில் கொழுவிவிட்டு, சீலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வந்து நெல்லைக் கூட்டத் தொடங்கினாள். இரண்டு பெண்களும் எதிரெதிரே குனிந்து, ஒருத்தி கூட்டித் தள்ள மற்றவள் சாக்கைப் பிடித்து, ஒரு சொல்லும் பேசாமல் அள்ளினார்கள். முதல் துளிகள் முதுகில் விழுகிறபோது கடைசிச் சாக்கும் விறாந்தைக்கு ஏறிவிட்டது. சிவதர்சினி நனைந்தபடியே பஸ்ஸுக்கு நடந்தாள். கமலாசனி குடையை எடுத்து நீட்டினாள். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அதன்பிறகு இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை.

வீரகத்தி கத்தியைப் பூதக்கண்ணாடிக்குக் கீழே வைத்துக்கொண்டு இருந்தார். அலகில் எழுத்து ஒன்றும் மிஞ்சவில்லை. பிடிக்குள்ளே, அலகு மடிகிற பள்ளத்துக்குப் பக்கத்தில், இன்னோர் அலகுக்கான இடைவெளி போல ஒன்று தெரிந்தது. இன்னொரு விதமாகப் பிடித்துப் பார்த்தால் அது கறல் தின்ற குழிபோலவும் இருந்தது. பள்ளத்தின் அடியில் கறுப்பாக ஏதோ ஒட்டியிருந்தது. மாம்பாலா, மெழுகா, வெறும் ஊத்தையா? மூக்கில் வைத்து மணந்தார். மண்ணெண்ணெய் மணத்தைத் தவிர ஒன்றுமில்லை. எதையாவது சொல்லக்கூடியதாக இருந்ததை அவரே முதல்நாள் கழுவிவிட்டிருந்தார்.

பிறகு அவருக்கு ஒன்று தோன்றியது. கத்தி எங்கே எடுபட்டது என்று தெரிந்தால்? முள்ளிவாய்க்கால் பக்கம் எடுபட்டிருந்தால் அது அஜந்தனுடையதாக இருக்க ஏலாது, ஏனென்றால் அவன் அதைக் கொண்டுபோனதைச் சிவதர்சினி கண்டிருக்கிறாள். பேருந்துகள் போன வவுனியாப் பக்கம் எடுபட்டிருந்தால்... அதற்கு மேல் நினைக்க அவருக்கு விருப்பமில்லை. மோட்டச்சைக்கிளை எடுத்துக்கொண்டு புதுக்குடியிருப்புக்குப் போனார்.

மூக்கன் கொட்டிலுக்குள் உடைந்த சைக்கிள் சட்டங்களுக்கும் தகரங்களுக்கும் நடுவே இருந்து பித்தளையைத் தனியாகப் பிரித்துக்கொண்டிருந்தான். கத்தி எங்கே கிடைத்தது என்று கேட்டதும், முள்ளிவாய்க்காலில் ஒரு காணி கிண்டினவர்கள் தந்தது என்று உடனே சொன்னான். வீரகத்தி பெருமூச்சு விட்டார். அதைப் பார்த்த மூக்கன், தான் சொன்னது பிழையோ என்று யோசித்து, இல்லை அண்ணை, வவுனியாவில் ஒரு கடையை ஒதுக்கியபோது வந்த சாக்காகவும் இருக்கலாம் என்றான். வீரகத்தியின் முகம் மாறியது. மூக்கன் அதையும் பார்த்தான். இல்லாவிட்டால் ஒட்டுசுட்டானாக இருக்கும் என்றான்.

"உண்மையைச் சொல்லு தம்பி. நான் கோவிக்க மாட்டன்."

"உண்மை என்னண்டா அண்ணை, எல்லாம் ஒரு சாக்குக்குள்ளதான் போடுறனான். இரும்புக்கு ஊர் இல்லையே. ஏன், என்ன பிரச்சினை?"

வீரகத்தி யாரிடமும் சொல்லாததை அவனிடம் சொன்னார். மூக்கன் கையிலிருந்த பித்தளையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தான். போகும்போது ஒரு சோடா உடைத்துக் கொடுத்தான்.

அந்தக் கிழமை வீட்டில் இருப்பது வீரகத்திக்குக் கஷ்டமாக இருந்தது. சாப்பாடு போடுகிறபோது கமலாசனி மெதுவாகத் தொடங்குவாள். ஓம் என்று ஒரு சொல்லுச் சொன்னால் போதும், நீங்கள் சொன்னால் அவள் கேட்பாள், பிள்ளையின் வாழ்க்கைக்காகத்தானே என்பாள். வயலுக்குப் போனால் போன் அடிக்கும். அண்ணை, இல்லையென்று ஒரு சொல்லுச் சொல்லிவிடுங்கோ, மச்சாளின் மனம் ஆறும் என்று சிவதர்சினி கெஞ்சுவாள். இரண்டு பேருக்கும் பார்ப்போம், பார்ப்போம் என்றார். வரம்பில் இருந்து யோசித்துப் பார்த்தால் இரண்டு பக்கமும் சரியாகவே பட்டது. ஒரு நாள் காலையில் அது அஜந்தனுடைய கத்திதான் என்று எழும்பினார். மத்தியானம் இல்லை என்று பட்டது. பின்னேரம், அது யாருடையதென்றாலும் எதற்கு எது அத்தாட்சி என்றே குழம்பிப்போனது. அவனுடைய கத்தி என்றால் அவன் செத்துவிட்டானா? கத்தியைத் தொலைத்துவிட்டு ஒரு ஆள் உயிரோடு இருக்க ஏலாதா?

பங்குனி வெயில் ஏறத் தொடங்கிய ஒரு காலையில், படலையில் ஒரு மனுசி நின்று கூப்பிட்டா. வெள்ளைச் சீலை, கழுத்தில் செபமாலை, கையில் ஒரு துணிப்பை. முள்ளிவாய்க்காலிலிருந்து இரண்டு பஸ் மாறி வருவதாகச் சொன்னா. பெயர் அருளம்மா. கமலாசனி கதிரை போட்டுத் தண்ணீர் கொடுத்தாள். அருளம்மா தண்ணீரை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, பைக்குள்ளிருந்து ஒரு சின்னப் பொட்டலத்தை எடுத்தா.

"மூக்கன் எண்டு இரும்பு எடுக்கிற பெடியன் சொன்னவன். நீங்கள் கத்தியைப் பாத்தா அது ஆரின்ர எண்டு சொல்லுவியளாம்."

வீரகத்தி திகைத்துப்போனார். அவ பொட்டலத்தை அவிழ்த்து விறாந்தை மேசையில் வைத்தா. கறுத்த கொம்புப் பிடி. இரண்டு முனையிலும் பித்தளைப் பூண். பாதி திறந்தபடி கறலில் இறுகிய ஒரு பெரிய அலகு, அதற்குப் பக்கத்தில் மெல்லிய ஓர் அலகு.

கமலாசனி குசினி வாசலில் அசையாமல் நின்றாள்.

வளவுக்குள் கக்கூசுக் குழி வெட்டியபோது வந்தது என்று அருளம்மா சொன்னா. தன்னுடைய புருசன் பேதுரு கடலில் மூழ்கிப் போனவர், அது சண்டைக்கு முதலே. மகன்மார் இரண்டு பேரும் உயிரோடு இருக்கிறார்கள், கர்த்தருக்குத் தோத்திரம். அதனால் இது தங்கள் வீட்டுச் சாமான் இல்லை. ஆனால் சண்டை நேரம் அந்த வளவில் எத்தனையோ சனம் படங்கு கட்டி இருந்தார்கள். யாரோ ஒருவருடையது. கடலில் எறிந்துவிடு என்று மகன் சொன்னான். அவவுக்கு மனம் வரவில்லை.

"ஆரின்ர எண்டு தெரிஞ்சாக் குடுத்திடலாம் தம்பி. வச்சிருக்கவும் பயமாக் கிடக்கு, எறியவும் பயமாக் கிடக்கு."

வீரகத்தி கத்தியை எடுத்தார். அதைப் பார்க்காமலே அவருக்குத் தெரிந்தது. அதே பூண். அதே ஆணி. ஒரே மாதிரியில் செய்து, பெட்டி பெட்டியாய்க் கப்பலில் வந்து இறங்கியவை. ஒரு அலகிலும் வந்தன, இரண்டு அலகிலும் வந்தன. குடியேற்றத் திட்டங்களின் சங்கக்கடைகளில் ஒரு காலம் கோழித்தீன் மூட்டைக்குப் பக்கத்தில் இவை தொங்கிக்கொண்டிருந்தன. வாங்காத வீடு இல்லை.

"அம்மா, ஒரு கத்தியைப் பாத்து அது எங்க செய்தது எண்டு சொல்லுவன். எந்தக் காலம் எண்டு சொல்லுவன்," என்றார். "ஆர் வச்சிருந்தது எண்டு சொல்ல எனக்குத் தெரியாது. என்ர கொப்பரின்ர கத்தியையே என்னால சொல்ல ஏலாமக் கிடக்கு."

அருளம்மா தலையை ஆட்டினா. அவவுக்கு ஏமாற்றம்தான். ஆனால் அதை முகத்தில் காட்டாமல், கமலாசனியின் பக்கம் திரும்பி, அக்கறையோடு கேட்டா:

"நீங்கள் உங்கட தம்பியின்ர கத்தியைக் கண்டுபிடிச்சிட்டியளாம் எண்டு பெடியன் சொன்னவன். சந்தோசம். எப்பிடித் தங்கச்சி கண்டுபிடிச்சனீங்கள்?"

கமலாசனி விறாந்தைக்கு வந்தாள். லாச்சியைத் திறந்து அந்தக் கத்தியை எடுத்து வந்து இதற்குப் பக்கத்தில் வைத்தாள். லாச்சிக்குள் அவள் கைவைத்ததை வீரகத்தி அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கண்டார். இரண்டு கத்திகளையும் மாறி மாறிப் பார்த்தாள். அருளம்மாவின் கத்தியின் பிடியிலும் வெடிப்பு இருந்தது. இன்னும் கொஞ்சம் நீளமான வெடிப்பு. அவள் பெருவிரலால் ஒன்றைத் தடவினாள், பிறகு மற்றதைத் தடவினாள். அடுப்படியில் அஜந்தன் குந்தியிருந்து மெழுகு உருக்கியது அவளுக்கு நல்ல நினைவு. அவன் முதுகு நினைவு. அவன் பாட்டு முணுமுணுத்தது நினைவு. கையில் இருந்தது எது?

"தெரியாதக்கா," என்றாள். "எனக்கு இப்பத் தெரியேல்லை."

அருளம்மா எழுந்து வந்து அவளுடைய தோளில் கையை வைத்தா. அதற்குப் பிறகு கத்தியைப் பற்றி ஒருவரும் கதைக்கவில்லை. கமலாசனி மத்தியானச் சாப்பாட்டுக்கு மறித்தாள். மரவள்ளிக்கிழங்குக் கறியும் கத்தரிக்காய்ப் பொரியலும் போட்டாள். அருளம்மா சாப்பிட்டுக்கொண்டே முள்ளிவாய்க்காலில் றால் படுகிறது குறைந்துவிட்டது என்றும், பேரப்பிள்ளை ஆன்சலா படிப்பில் கெட்டிக்காரி என்றும் சொன்னா. போகும்போது கத்தியை மேசையிலேயே விட்டா. தேடி வருகிற ஆள் யாரும் இருந்தால் இந்த வீட்டுக்குத்தான் வருவார்கள், தன்னிடம் யார் வரப்போகிறார்கள் என்றா. வீரகத்தி மறுத்துப் பார்த்தார். பஸ் வருகிறது என்று அவ நடந்துவிட்டா.

அன்று பின்னேரம் கமலாசனி கிணற்றடியில் சட்டி தேய்த்துக்கொண்டு வெகுநேரம் இருந்தாள். ஒரே சட்டியையே தேய்த்துக்கொண்டிருந்தாள். வீரகத்தி தண்ணீர் அள்ளி ஊற்றப் போனார்.

"நான் பொய் சொல்லேல்லையப்பா," என்றாள் அவரைப் பார்க்காமல். "கண்டவுடன அவன்ர எண்டுதான் பட்டது."

"தெரியும்."

"அவனுக்கு ஒண்டும் செய்யாம விட்டிட்டம் எண்டு எனக்குள்ள அரிச்சுக்கொண்டே கிடக்கு. இருக்கிறானெண்டா ஏன் ஒரு சொல்லு அனுப்பேல்லை? இல்லையெண்டா ஏன் எனக்கு ஒண்டும் தெரியேல்லை? நான் வளர்த்த பிள்ளை. எனக்குத் தெரிய வேணுமெல்லே?"

அவர் வாளியைக் கீழே வைத்தார். அவளுக்குப் பக்கத்தில் கல்லில் குந்தி மற்றச் சட்டியை எடுத்துத் தேய்க்கத் தொடங்கினார். வாழைகளுக்குள் போகிற தண்ணீரில் கரி கரைந்து ஓடியது.

ஞாயிற்றுக்கிழமை பிரஷாந்தினி தாயைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்தாள். கார்ட் அடிக்கிறவர் மூன்று தரம் போன் எடுத்துவிட்டார், கடைசியில் மாமாவின் நம்பரைக் கொடுத்துவிட்டேன், இனியும் பிந்தினால் வேறு வேலை தொடங்கிவிடுவார் என்றாள். சிவதர்சினி விறாந்தையில் ஏறாமல் நேரே குசினிக்குள் போய், பலகையில் குந்தி வெங்காயத்தை உரிக்கத் தொடங்கினாள். கமலாசனி அடுப்பில் நின்றாள். இரண்டு முதுகுகளும் ஒன்றையொன்று பார்க்காமல் இருந்தன.

பிரஷாந்தினி மாமாவிடம் கத்தியைக் காட்டச் சொன்னாள். வீரகத்தி இரண்டையும் எடுத்து வைத்து, நடந்ததெல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னார். மூக்கன் மூன்று ஊர் சொன்னதையும், சங்கக்கடையையும், அருளம்மா வந்துபோனதையும். அவள் கத்திகளைத் தொடவில்லை. சட்டை கம்பியில் மாட்டியது நினைவிருக்கிறதா என்று அவர் கேட்டார்.

"அம்மா சொல்லிச் சொல்லி எனக்கு நினைவு மாதிரித்தான் கிடக்கு மாமா. ஆனா அதில அப்பான்ர முகம் படத்தில இருக்கிற முகம். அந்தப் படம் நான் பிறக்க முதல் எடுத்தது. அப்ப அது எப்பிடி என்ர நினைவாகும்?" குசினிப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். "எனக்குத் தாலி கட்டேக்க ஆர் தாரை வாக்கிறதெண்டாலும் பரவாயில்லை. அம்மாவும் மாமியும் கதைக்காம நிண்டா எனக்கு ஏலாது."

அந்த நேரம்தான் கார்ட் அடிக்கிறவர் நாலாந்தரம் எடுத்தார். போன் வீரகத்தியின் சட்டைப் பைக்குள் அடித்தது. அவர் எடுத்துப் பார்த்துவிட்டு, சுடுகிற சாமான்போல மேசையில் வைத்தார். பிரஷாந்தினியும் எடுக்கவில்லை. சத்தம் கேட்டுக் கமலாசனி கைகளைச் சீலையில் துடைத்துக்கொண்டு வந்து, அதை எடுத்துக் காதில் வைத்தாள். பிறகு, ஏனோ, குசினிக்கே திரும்பிப் போய் அடுப்புக்குப் பக்கத்தில் நின்று கதைத்தாள்.

மாப்பிள்ளை பக்கத்துப் பெயர்களை அவர் வாசித்துக் காட்டினார். அவள் ஓம், ஓம் என்றாள். பெண் பக்கத்துக்கு வந்ததும் அவள் சொல்லச் சொல்ல அவர் எழுதினார். உருத்திரபுரம். அஜந்தன், சிவதர்சினி தம்பதிகளின் ஏக புத்திரி.

"முன்னுக்கு என்ன போடுறது அம்மா? திருவோ, அமரரோ?"

அவர் உரக்கக் கதைக்கிற மனிதர். கேள்வி குசினிக்குள் எல்லோருக்கும் கேட்டது. சிவதர்சினியின் கை வெங்காயத்தில் நின்றது. அவள் நிமிரவில்லை. அவளுடைய நெற்றிப் பொட்டு வேர்வையில் ஒரு பக்கம் கரைந்திருந்தது. கமலாசனி அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஒண்டும் போடாதையுங்கோ," என்றாள். "பேரை மட்டும் போடுங்கோ."

"அப்பிடிப் போட்டா ஏதோ விடுபட்ட மாதிரிக் கிடக்குமே அம்மா. ஆக்கள் என்னைத்தான் பேசுவினம்."

"ஓம். விடுபட்டதுதான். அப்பிடியே கிடக்கட்டும்."

அவர் குரலைத் தாழ்த்தி, சரி அம்மா என்றார். அடுத்ததாக எத்தனை கார்ட் அடிப்பது என்று கேட்டார். கமலாசனி அதை யோசித்திருக்கவே இல்லை. போனைக் காதிலிருந்து எடுத்து, உள்ளங்கையால் பொத்திக்கொண்டாள்.

"தர்சினி," என்றாள். "எத்தினை அடிக்கிறது?"

சிவதர்சினி வெங்காயக் கையின் பின்பக்கத்தால் கண்ணைத் துடைத்தாள். கொஞ்சம் நகர்ந்து, பலகையில் இடம் விட்டாள்.

"இருங்கோ மச்சாள்," என்றாள். "முதல்ல உங்கட பக்கத்தை எண்ணுவம்."